வெள்ளிக்கிழமை லும்பியா

செந்தாமரை குவைத்திலிருந்து திரும்பி வந்து ஏழு வருடம் ஆகிறது. இந்த ஏழு வருடத்தில் மகள் கனிஷ்கா குவைத்தைப் பற்றி ஒரு கேள்வி கேட்டதில்லை. முதல் கேள்வியைப் போன சனிக்கிழமைதான் கேட்டாள், அதுவும் சாப்பாட்டு விஷயமாக.

வேலையிலிருந்து வந்தவள் கம்பெனி ஷூவைக் கழற்றிக்கொண்டே ஆரம்பித்தாள். "யம்மா, நாளைக்கு மத்தியானம் மாடத்தி ரூம்ல சாப்பாடு. அவளுக்குக் கல்யாணம், வேலைய வுட்டுட்டு ஊருக்குப் போறா. கம்பெனில எங்க லைன்ல கீறவங்க ஆளுக்கு ஒண்ணு செஞ்சி எடுத்துனு போறோம். பிரியாணி, சிக்கன் பக்கோடா எல்லாம் வேற ஆளுங்க எடுத்துட்டாங்க. நீதான் பதினோரு வருசம் ஃபாரின்ல இருந்தியே, அங்கத்து ஐட்டம் எதனா தெரியுமா உனக்கு?"

தெரியுமாவாம்! செந்தாமரையின் கையிலிருந்த முருங்கைக்கீரைக் கொத்து அப்படியே நின்றுவிட்டது. ஏழு வருடமாகத் தொண்டையில் நிற்கிற ஒன்றை, பஸ் நேரம் விசாரிக்கிற மாதிரி இந்தப் பெண் கேட்டுவிட்டாள்.

"தெரியும்" என்றாள். எங்கே மகள் மனம் மாறிவிடுவாளோ என்று உடனே சேர்த்துக்கொண்டாள். "லும்பியான்னு ஒண்ணு. பிலிப்பைன்ஸ்காரங்க செய்றது. கறி வெச்சி சுருட்டிப் பொரிக்கிறது. மொறுமொறுன்னு இருக்கும்."

"ஸ்பிரிங் ரோலா?"

"அந்த மாரிதான். ஆனா அது இல்ல."

கனிஷ்கா தோளைக் குலுக்கிவிட்டுக் குளிக்கப் போய்விட்டாள்.

சேரப்பணஞ்சேரியில் இவர்கள் இருக்கும் தெருவில் செந்தாமரைக்கு இன்னும் 'குவைத்துக்காரி' என்றுதான் பேர். இப்போது அவள் வேலை பார்ப்பது ஒரகடத்தில், ஒரு கார் உதிரிபாகக் கம்பெனியின் கேன்டீனில். மூன்று ஷிஃப்டுக்கும் சேர்த்து ஆயிரத்துச் சொச்சம் பேருக்குச் சாப்பாடு. காய் நறுக்க மெஷின் வந்துவிட்டதால் மூட்டையைப் பிரித்துக் கொட்டுவதும் நறுக்கியதை அள்ளுவதும்தான் இவள் பாடு. ஐம்பத்திரண்டு வயசு. இடுப்பு வலி உண்டு, வாய் கொஞ்சம் கம்மி. தெருப் பெண்கள் ஆரம்பத்தில் சுற்றி உட்கார்ந்து, "அடிப்பாங்களாமே? சோறு போடாம பூட்டி வெப்பாங்களாமே?" என்று துருவினார்கள். இவள் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அவர்களாகவே ஆமாம் என்று எடுத்துக்கொண்டார்கள். ஊருக்குத் தேவை அந்தக் கதைதானே.

வீட்டிலும் அதே கதைதான். கணவன் நாகப்பன் மஞ்சள்காமாலையில் போனபோது கனிஷ்காவுக்கு ஏழு வயசு. பிள்ளையை வல்லக்கோட்டையில் அக்கா கனகத்திடம் விட்டுவிட்டுச் செந்தாமரை வீட்டு வேலைக்குக் குவைத் போனாள். முதல் ஆறு மாதம் அழுதது நிஜம். பாஷை புரியவில்லை, சாப்பாடு இறங்கவில்லை, போனை எடுத்தாலே அழுகை. இந்தப் பக்கம் கனகம் குழந்தையைச் சமாளிக்க ஒரு வழி கண்டுபிடித்தாள். 'உங்கம்மா உனக்காக அங்க கஷ்டப்படுறா, நீ அழக்கூடாது' என்றாள். பிள்ளையும் அழுகையை நிறுத்திக்கொண்டது.

ஆறு மாதம் கழித்து அந்த வீட்டுச் சமையலுக்கு மாரிட்டெஸ் வந்து சேர்ந்தாள். பிலிப்பைன்ஸ்காரி. குள்ளம், செந்தாமரையைவிட ரெண்டு வயசு மூத்தவள், சிரித்தால் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். ஊரில் இரண்டு மகன்களைத் தங்கையிடம் விட்டுவிட்டு வந்தவள். இரண்டு பேரும் பாதி அரபியும் கால் இங்கிலீஷும் மீதி கையுமாகப் பேசிக்கொள்வார்கள். அவளுக்குச் செந்தாமரை என்று சொல்ல வரவில்லை. 'தாமரா' என்றாள். அப்படியே நின்றுவிட்டது.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் முதலாளி குடும்பம் மொத்தமும் பெரிய அண்ணன் வீட்டுக்குப் போய்விடும். ஒரு மணியிலிருந்து அஞ்சு மணி வரைக்கும் அந்தச் சமையலறை இவர்கள் இரண்டு பேருடையது. மாரிட்டெஸ் தலையில் கட்டிய துணியை அவிழ்த்துப் போடுவாள், போனில் பாட்டு வைப்பாள், கூடவே தப்புத் தப்பாகப் பாடுவாள். மேடையின் இரண்டு பக்கமும் நின்று லும்பியா சுருட்டுவார்கள். ஒருநாள் செந்தாமரை பச்சை மிளகாயைப் பொடிசாக அரிந்து கறியோடு கலந்துவிட்டாள். அதைத் தின்றுவிட்டு மாரிட்டெஸ் குழாயைத் திறந்து வாயை அதன் கீழே காட்டிக்கொண்டு நின்றதை நினைத்தால் இன்றைக்கும் செந்தாமரைக்குச் சிரிப்பு வரும். கேன்டீனில் தனியாகச் சிரித்து மாட்டிக்கொண்டும் இருக்கிறாள்.

ஆனால் வெள்ளிக்கிழமை சாயங்காலம் வல்லக்கோட்டைக்குப் போன் போட்டால் குரல் தானாகவே இறங்கிவிடும். அங்கே பிள்ளை அழாமல் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. அதனிடம் போய், இன்றைக்கு வயிறு வலிக்கச் சிரித்தேன் என்று எந்த வாயால் சொல்வது? கஷ்டம்தான் என்றாள். அதையே பதினோரு வருடம் சொன்னாள்.

அதனால்தான் திரும்பி வந்த பிறகு ஒரு தடவைகூட இந்த வீட்டில் லும்பியா செய்யவில்லை. அதைச் செய்தால் கை சும்மா இருக்காது, முகமும் சும்மா இருக்காது. பார்த்ததும் கனிஷ்காவுக்குத் தெரிந்துவிடும். தெரிந்தால் அவள் எப்படி எடுத்துக்கொள்வாள் என்ற பயம் ஏழு வருடமாக விடவில்லை.

சனிக்கிழமை இருட்டுவதற்குள் எல்லாம் வாங்கியாகிவிட்டது. கறிக்கடையில் எலும்பில்லாத கோழியைக் கைமா போட்டு வாங்கினாள். கேரட், வெங்காயத்தாள், பூண்டு, முட்டை, ஒரு பாட்டில் சோயா சாஸ். கடையில் சமோசாவுக்கென்று விற்கிற பட்டியை எடுத்துத் தடவிப் பார்த்துவிட்டு அங்கேயே வைத்துவிட்டாள். அது தடிமன். லும்பியா சுற்றுகிற மாவுத் தாள், பின்னால் பிடித்த விரல் தெரிகிற அளவுக்கு மெல்லிசாக இருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை கனிஷ்கா எழுந்து வந்தபோது அம்மா அடுப்பு முன்னால் ஒரு வேடிக்கை காட்டிக்கொண்டிருந்தாள். தளர்வாக அடித்து ஊற வைத்த மைதா மாவு, பிடித்தால் கையில் நிற்காமல் வழிகிறது. அதை ஒரு கைப்பிடி அள்ளி, கீழே விழாதபடி மணிக்கட்டை அசைத்துக்கொண்டே, காய்ந்த தோசைக்கல்லில் ஒரு வட்டம் ஒற்றி எடுத்தாள். மாவு கையோடு வந்துவிட்டது. கல்லில் ஒரு மெல்லிய படலம் மட்டும் ஒட்டி நின்றது. நான்கு எண்ணுவதற்குள் ஓரம் தூக்கியது. நகத்தால் கிள்ளி உரித்து ஈரத்துணிக்கு அடியில் போட்டாள்.

"எம்மா! இதெங்க கத்துகின?"

"அங்கதான். மொதல்ல நான் கரண்டியால தோச மாரி ஊத்தித் தேச்சேன். மாரிட்டெஸ் வுழுந்து வுழுந்து சிரிச்சா."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். கனிஷ்கா, மாரிட்டெஸ் யார் என்று கேட்கவில்லை. ஆனால் பல் விளக்கப் போகாமல் அங்கேயே நின்று இன்னும் நாலு தாள் உரிவதைப் பார்த்தாள்.

ஒன்பதரைக்கு வல்லக்கோட்டையிலிருந்து கனகம் வந்து இறங்கினாள். தங்கை வீட்டுக்கு வந்தால் கை காலை நீட்டி உட்காரும் வழக்கம் அவளுக்குக் கிடையாது. புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, "இன்னாமே இது, காயிதம் மாரி கீது? குடு, நானும் செய்றேன்" என்று தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

கேரட்டைத் துருவி, உப்புப் போட்டுப் பிழிந்து, கைமாவோடு பிசைந்து வைத்திருந்தது. கனிஷ்கா கம்பெனியில் குவாலிட்டி செக் பார்க்கிறவள். நாலு பேர் சேர்ந்து ஒரு வேலை செய்வதைப் பார்த்தால் அவளுக்கு லைன் போடாமல் இருக்க முடியாது.

"நான் ஷீட் எடுத்து வெக்கிறேன், பெரிம்மா கறி வெக்கட்டும், நீ சுத்து, நான் முட்ட தடவி ஒட்றேன். ஒரு மணி நேரத்துல நூறு முடிச்சிடலாம்."

"லும்பியாவ அப்டி செய்யக் கூடாதுடி" என்றாள் செந்தாமரை. "ஒண்ண எடுத்தா ஆரம்பிச்சதுலேந்து ஒட்ற வரைக்கும் ஒரே கைதான். செஞ்சத அவங்கவங்க முன்னாடியே அடுக்கிக்கணும்."

"எதுக்கு?"

"எண்ணெயில போட்டா எது வெடிக்குதோ அது யாரோடதுன்னு தெரியணும்ல. வெடிச்சவங்கதான் பாத்திரம் கழுவணும்."

"ட்ரேசபிலிட்டி!" என்று கனிஷ்கா சிரித்தாள். "எங்க கம்பெனிலயும் இதாம்மா. யார் கை பட்டதுன்னு தெரியணும்."

மூன்று பேர் முன்னாலும் மூன்று வரிசை வளர்ந்தது. கனிஷ்காவுடையது அளவெடுத்த மாதிரி ஒரே நீளம். கனகம் சுருட்டியது ஒவ்வொன்றும் கொழுக்கட்டைப் பருமன். "அக்கா, உள்ள வெச்சது பச்சைக் கறி. இம்மாம் குண்டா சுத்துனா மேல சிவந்துடும், உள்ள வேகாது. ஆள்காட்டி வெரல் பருமன்தான், காத்து போகாம இறுக்கணும்" என்று செந்தாமரை அவற்றைப் பிரித்து மறுபடி சுருட்டினாள். அவள் விரல்கள் பார்க்காமலே வேலை செய்தன. கீழே மடித்து, இரண்டு ஓரத்தையும் உள்ளே தள்ளி, ஒரே இழுப்பில் ஓடின. முகத்தில் தானாக ஒரு வெளிச்சம் வந்து உட்கார்ந்திருந்தது. அவளுக்கு அது தெரியவில்லை.

கனகத்துக்குக் கை நடந்தால் வாயும் நடக்கும். "இந்த வேலையெல்லாம் அடிச்சி ஒதச்சி வாங்கியிருப்பாங்க பாவிங்க. உங்கம்மா பட்ட பாடு இன்னா கொஞ்சமா கனி? போனு எடுத்தா அயுதுகினே இருப்பா. பதினோரு வருசம்! ஒரு நாளு அவ சிரிச்சி நான் கேட்டதில்ல."

நூறு தடவை கேட்ட பேச்சுதான். ஒவ்வொரு தடவையும் செந்தாமரை தலையைக் குனிந்துகொள்வாள். இன்றைக்குக் கையில் லும்பியா இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு, அந்தப் பொய்யையும் பிடித்துக்கொண்டிருக்க அவளால் முடியவில்லை.

"இல்லக்கா" என்றாள். "நான் அங்க சந்தோசமாத்தான் இருந்தேன்."

கனகம் நிமிர்ந்தாள். "இன்னாது?"

"மொத ஆறு மாசம் கஷ்டம்தான். அப்பால மாரிட்டெஸ் வந்துட்டா. வேல இடுப்ப ஒடிக்கும், அது வேற. ஆனா வெள்ளிக்கிழமையானா நானும் அவளும் இதத்தான் செய்வோம். பாட்டுப் போட்டுகினு, சிரிச்சிகினு. போன்ல உங்ககிட்ட சொல்ல எனக்கு வாய் வர்ல."

கனிஷ்கா கையிலிருந்த தாளைக் கீழே வைத்தாள்.

"அப்ப நான்?" என்றாள். குரல் சின்னதாக வந்தது. "நீ கஷ்டப்படுறன்னு சொல்லித்தாம்மா நான் எதுவுமே கேக்காம வளந்தேன். எட்டாவதுல ஸ்கூல் டூர் போனாங்க, நான் பேரே குடுக்கல. வயசுக்கு வந்தப்ப உன்ன வரச் சொல்லி அழணும்னு இருந்துச்சு, அழல. எல்லாம் நீ அங்க அழுதுகினு கீறன்னு நெனச்சிதான். நீ அங்க பாட்டுப் போட்டுகினு இருந்தியா?"

அவள் எழுந்து பின்பக்கம் போய்விட்டாள். குழாய் திறக்கிற சத்தம் கேட்டது. வெகுநேரம் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

"தேவையா உனக்கு இது?" என்று கனகம் கிசுகிசுத்தாள். "ஏயு வருசம் சும்மா இருந்த, இன்னும் கொஞ்சம் நாளு இருந்தா இன்னா?"

சொன்னதைத் திருப்பி எடுத்துக்கொள்ளச் செந்தாமரைக்குத் தோன்றவில்லை. கண்ணைத் தோளில் துடைத்துக்கொண்டு, அடுப்பில் எண்ணெய்ச் சட்டியை ஏற்றினாள். மதியத்துக்குள் மகள் எடுத்துக்கொண்டு போக வேண்டும். அவள் போவாளோ மாட்டாளோ, செய்தாகத்தான் வேண்டும். மீதித் தாள்களை ஒவ்வொன்றாகச் சுருட்டத் தொடங்கினாள்.

கனிஷ்கா திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தாள். கண் சிவந்திருந்தது. சுவரோரம் நின்று வரிசைகளைப் பார்த்தாள். தப்பைக் கண்டுபிடிக்கவே சம்பளம் வாங்குகிற கண் அது, கோபத்திலும் வேலையை விடாது. அம்மாவின் வரிசையில் கடைசியாக ஒன்று மட்டும் குட்டியாக இருந்தது. மற்றவற்றில் பாதிகூட இல்லை.

"இது இன்னா, ரிஜெக்ட்டா?"

செந்தாமரை குனிந்து பார்த்தாள். அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது. கை பாட்டுக்குச் செய்து வைத்திருக்கிறது.

"இல்ல" என்றாள். "அது உன்னோடது."

"புரியல."

"மாரிட்டெஸுக்கு ரெண்டு பசங்க. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அவங்க பேர சொல்லி ரெண்டு சின்னது சுத்துவா. கூட இல்லாத பிள்ளைக்கு ஒண்ணு சுத்தணும்பா. மொத நாளே, உனக்கும் பொண்ணு கீதே, நீயும் சுத்துன்னா. சுத்தி, அதத்தான் மொதல்ல பொரிச்சோம். பொரிச்சிட்டு எனக்குத் தொண்டையில எறங்கல. பெத்தவ எப்டி துன்றது? அவளுக்கும் எறங்கல. அப்பால மாத்திக்கினோம். அவ பசங்களோடத நான் துன்னேன், உன்னோடத அவ துன்னா. கடைசி வரைக்கும் அப்டித்தான்."

கனிஷ்கா தரையில் உட்கார்ந்து அந்தக் குட்டியைக் கையில் எடுத்தாள். "ஒரு வாரம்கூட வுடலியா?"

"நோம்பு மாசத்துல மட்டும் முடியாது. மத்தபடி வுட்டதில்ல."

"அவங்க பசங்களோடதும் இந்த சைஸா?"

செந்தாமரை அடுப்பைக் குறைத்தாள். "மொதல்ல இந்த சைஸ்தான். பசங்க வளர வளர அவ நீளமாக்கிக்கினே வந்தா. என்னையும் திட்டுவா, தாமரா, உன் பொண்ணு பெரிய பொண்ணு ஆயிட்டா, பெருசா சுத்துன்னு. எனக்குத்தான் வர்ல. நான் வுட்டுட்டுப் போனது ஏழு வயசுப் பிள்ளடி. அந்தக் கைல எவ்ளோ நிக்குமோ அவ்ளோதான் எனக்குத் தெரியும்."

கனகம் மூக்கை உறிஞ்சினாள். அவளுக்கு யார் பக்கம் பேசுவது என்று தெரியவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாகச் சும்மா இருந்தாள்.

கனிஷ்கா அந்தக் குட்டி லும்பியாவை உள்ளங்கையில் வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து, அடுப்பருகே போய், அதைத் தானே எண்ணெயில் விட்டாள். தனியாக அது மட்டும் நுரைத்துச் சுழன்றது. சிவந்ததும் எடுத்து வடித்தட்டில் நிற்க வைத்தாள். ஆறும் வரைக்கும் மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பூண்டும் மிளகாயும் நசுக்கிப் போட்ட வினிகர்க் கிண்ணத்தைச் செந்தாமரை நகர்த்தி வைத்தாள்.

இரண்டே கடி. மொறுக்கென்ற சத்தம் கனகத்துக்கும் கேட்டது.

"எப்டி கீது?" என்றாள் கனகம், பொறுக்க மாட்டாமல்.

கனிஷ்கா அம்மாவைப் பார்த்துக் கேட்டாள். "அங்கயும் இப்டித்தான் இருந்துச்சா?"

அதைவிட உன்னோடு தின்பதுதான் ருசி என்று சொல்லியிருக்கலாம். பெற்றவள் எவளும் அதைத்தான் சொல்வாள். செந்தாமரையின் வாய்வரைக்கும் அது வந்தது. அவள் மகளின் சிவந்த கண்ணைப் பார்த்தாள்.

"அங்க இன்னும் நல்லா இருந்துச்சுடி" என்றாள்.

சட்டியில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. கனிஷ்கா வாயைத் துடைத்துக்கொண்டாள். உதடு ஒரு பக்கம் கோணியது, அழுகையா சிரிப்பா என்று அதுவே முடிவு பண்ணவில்லை. பிறகு ஈரத்துணியைத் தூக்கி, அடியிலிருந்த தாள்களில் பெரிதாக ஒன்றை எடுத்து அம்மாவின் முன்னால் விரித்தாள்.

"என்னோடத இதுல சுத்து. இருபத்தஞ்சு வயசு ஆவுது எனக்கு" என்றாள். "சுத்திக்கினே சொல்லு. அந்தம்மா இன்னா பாட்டு போடுவாங்க?"

செந்தாமரை கறியை அள்ளி வைத்தாள். பாட்டின் வார்த்தை ஒன்றும் அவளுக்குத் தெரியாது, ராகம் மட்டும்தான் தெரியும். அதை மாரிட்டெஸ் மாதிரியே தப்புத் தப்பாக முனகிக் காட்டினாள். எல்லாம் பொரித்து முடித்ததும், எண்ணெயில் வெடித்தவை அத்தனையும் தன்னுடையவைதான் என்று கனகம் ஒப்புக்கொண்டு பாத்திரம் கழுவப் போனாள். மாடத்தி ரூமுக்குக் கனிஷ்கா போய்ச் சேர்ந்தபோது இரண்டு மணி ஆகிவிட்டது. அவ்வளவு கேள்வி கேட்டுக்கொண்டிருந்தாள்.